கரிமம் குறைந்த மின்சாரமும் பீனியாவின் பட்டறைகளும்: எந்தத் துறையை நம்பி முதல் போடுவது?

பெங்களூரின் தொழிற்பேட்டைகளான பீனியாவிலும் பொம்மசந்திராவிலும் பட்டறை நடத்தும் தமிழர்கள் பலர் சில மாதங்களாக என்னிடம் ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டுவருகிறார்கள். எஞ்சின் பாகங்களையும் கியர்பாக்ஸ் பாகங்களையும் கடைந்து கொடுத்தே இரண்டு தலைமுறையாகப் பிழைத்தவர்கள் அவர்கள். மின்சார வண்டி பெருகப் பெருக அந்த வேலை எத்தனை ஆண்டுக்கு நிற்கும் என்ற கவலை அவர்களுக்கு நியாயமாகவே இருக்கிறது. கணினி இயக்கும் அடுத்த சிஎன்சி இயந்திரத்துக்கு வங்கியில் கையெழுத்துப் போடுவதற்கு முன், சூரிய மின்சாரம், காற்றாலை, அணுமின்சாரம், பேட்டரி ஆகியவற்றில் எதை நோக்கித் திரும்புவது என்று அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள்.

கருவிகள் செய்யும் டூல் ரூமிலும் தரப் பரிசோதனையிலுமாக இருபத்தாறு ஆண்டுகளை இந்தப் பகுதியிலேயே கழித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எந்த மின்சாரம் நாட்டுக்கு நல்லது என்பது வேறு விவாதம். அதற்குள் நான் போகவில்லை. அந்த மின்சாரத்தைத் தரும் பொருளைச் செய்வதற்கு எவ்வகைத் தொழில் தேவைப்படுகிறது, அதில் ஒரு சிறு பட்டறையின் கை எந்த இடத்தில் எட்டும், எட்டினால் அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பவற்றை மட்டுமே பார்க்கப்போகிறேன்.

முதலில் அளவுகோல்கள்

ஒரு துறை வேகமாக வளர்கிறது என்ற செய்தியை வைத்து முடிவெடுப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. இந்தியாவின் சூரிய மின் நிறுவுதிறன் 2025 ஜனவரியில் 100 கிகாவாட்டைத் தாண்டியது. காற்றாலை அதே ஆண்டில் 50 கிகாவாட்டைத் தாண்டியது. அணுமின்சாரம் அப்போதும் 9 கிகாவாட்டுக்குள்தான் நின்றது. இந்த மூன்று எண்களை மட்டும் பார்ப்பவர் சூரியத்தின் பக்கமே ஓடுவார். ஆனால் நிறுவுதிறன் வளர்வது ஒன்று, அந்த வளர்ச்சி லேத்துக்கு முன் நிற்பவருக்கு வேலையாக வந்து சேர்வது வேறொன்று.

ஆகவே ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். அந்தப் பொருளின் மொத்த மதிப்பில் கடைதல், துளையிடல், வெல்டிங், தகட்டு வேலை ஆகியவற்றின் பங்கு எவ்வளவு? செய்த பொருள் சரியானது என்று நிரூபிக்க என்னென்ன சான்றுகள் கேட்பார்கள்? இன்று வாங்கும் இயந்திரமோ, பாகத்தைப் பிடித்துவைக்கும் ஜிக்கோ எத்தனை ஆண்டில் பயனற்றுப்போகும்? மூலப்பொருள் யார் கையில் இருக்கிறது? ஆர்டர் தொடர்ந்து வருமா, வந்தால் பணம் எந்த நாளில் வரும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1,000 மெகாவாட் என்று எழுதினால் எல்லாத் துறைக்கும் அது ஒரே பொருளைத் தருவதில்லை. நம் நாட்டில் சூரியப் பூங்கா ஒன்று தன் முழுத்திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே ஆண்டு முழுவதற்குமான மின்சாரத்தைத் தருகிறது. அணு உலை ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தருகிறது. அதே அளவு யூனிட்டுகளுக்கு நான்கு மடங்கு சூரியத் திறனை நிறுவ வேண்டும் என்பதால், ஒரு யூனிட்டுக்குச் செலவாகும் இரும்பும் அலுமினியமும் கண்ணாடியும் சூரியத்தில்தான் அதிகம். உற்பத்தியாளருக்கு இது நல்ல செய்தியாகத் தோன்றலாம். அது எவ்வகை உற்பத்தியாளருக்கு என்பதைக் கீழே பார்க்கலாம்.

| துறை | பட்டறைக்கு எட்டும் வேலை | பெரிய ஆலைக்கே உரிய வேலை | முயற்சி தொடங்கி முதல் நிலையான ஆர்டர் வரை (என் மதிப்பீடு) |
|---|---|---|---|
| சூரியம் | தாங்கு சட்டம், கிளாம்ப், டிராக்கர் பாகங்கள், ஆலைக்கான ஜிக் | பாலிசிலிக்கான் (தூய சிலிக்கான்), வேஃபர் (சிலிக்கான் வில்லை), செல், பேனல் | மூன்று முதல் ஆறு மாதம் |
| காற்று | பினியன் (சிறு பற்சக்கரம்), பிளானட் கேரியர் (பற்சக்கரங்களைத் தாங்கும் சட்டம்), பின், ஸ்டட் (தலையில்லாத போல்ட்) | இறக்கை, கோபுரம், ஹப் (இறக்கைகள் சேரும் மையம்) வார்ப்பு | ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு |
| அணு | பிளக், வால்வு பாகம், எரிபொருள் கையாளும் கருவிப் பாகங்கள் | நீராவி ஆக்கி, கலாண்ட்ரியா (உலையின் மையக் கலம்), சிர்க்கோனியக் குழாய் | இரண்டு முதல் மூன்று ஆண்டு |
| பேட்டரி | பெட்டி, பஸ்பார் (மின்சாரம் கடத்தும் பட்டை), குளிர்விப்புத் தட்டு, ஃபிக்ஸ்சர் (பிடிசட்டம்) | செல் | ஒன்று முதல் மூன்று மாதம் |

சூரிய மின்சாரம்

சூரியத் தகட்டின் பிறப்பு உலோகத் தொழிலைவிட வேதியியல் தொழிலுக்கே நெருக்கமானது. குவார்ட்ஸ் கல்லை மின்வில் உலையில் உருக்கி எடுக்கும் சிலிக்கானை வாயுவாக மாற்றி வடித்து, 1,100 டிகிரி செல்சியஸ் அளவில் மீண்டும் திண்மமாகப் படியவைத்து, தொண்ணூற்றொன்பதுக்குப் பின் ஏழு ஒன்பதுகள் வரும் தூய்மைக்குக் கொண்டுவருகிறார்கள். அதை உருக்கி ஒற்றைப் படிகத் தண்டாக இழுத்து, வைரத்தூள் பதித்த கம்பியால் தலைமுடியை விடச் சற்றே தடித்த வில்லைகளாக அறுக்கிறார்கள். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கட்டத்திலும் உலக உற்பத்தித் திறனில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் சீனாவில் இருக்கிறது. வேஃபரில் அது கிட்டத்தட்ட முழுமை. படிகம் இழுக்கும் பாத்திரத்துக்கான மிகத் தூய குவார்ட்ஸ் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஸ்புரூஸ் பைன் என்ற சிற்றூரைச் சுற்றியே பெருமளவில் கிடைக்கிறது. 2024 செப்டம்பரில் அங்கே ஹெலீன் புயல் அடித்துச் சுரங்கங்கள் நின்றபோது உலகமே திரும்பிப் பார்த்தது அதனால்தான்.

இவற்றில் எதுவும் பீனியாவுக்கு உரிய வேலை அன்று. பெங்களூருக்குச் சூரியத் தொழிலில் நீண்ட பழக்கம் உண்டு. டாடா பிபி சோலார் 1989இல் இங்கேதான் தொடங்கியது. பிஹெச்இஎல் (பெல்) நிறுவனத்தின் மைசூர் சாலை மின்னணுப் பிரிவு விண்கலங்களுக்கும் சூரியத் தகடுகள் செய்து தருகிறது. இருந்தும் இந்த ஆலைகளைச் சுற்றி, வாகனத் தொழிலைச் சுற்றி வளர்ந்ததுபோல உதிரிபாகப் பட்டறைகள் வளரவில்லை. பேனலுக்குள் சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லை என்பதே காரணம்.

பட்டறைக்கு எட்டுவது பேனலுக்கு வெளியே இருக்கிறது. பாவகடா பூங்கா 2,050 மெகாவாட் திறனுடன் 13,000 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. அதன் ஒவ்வொரு வரிசையையும் துத்தநாகம் பூசிய எஃகுச் சட்டங்கள் தாங்குகின்றன. ஆனால் எஃகுத் தகட்டை உருளைகளுக்கிடையே வளைக்கும் ரோல் ஃபார்மிங்கில் ஓடும் அந்த வேலையில் எஃகுச் சுருளின் விலையே பெரும்பங்கு. செய்கூலி மிகக் குறைவு. சுருளை மொத்தமாக வாங்கும் முதல் இல்லாதவர் இதில் நிற்க முடியாது. சூரியனைத் தொடர்ந்து திரும்பும் டிராக்கர்களில் வரும் புழுக்கியர் இயக்கிகள் சற்றுப் பரவாயில்லை; அங்கே கடைசலுக்கு மதிப்பு உண்டு.

மறைந்திருக்கும் செலவு, வேகமாக மாறும் அளவுகளில் இருக்கிறது. செல்லின் பக்க அளவு 156 மில்லிமீட்டரில் தொடங்கி 166, 182, 210 என்று சில ஆண்டுகளுக்குள் மாறியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆலைகள் தங்கள் ஜிக்குகளைத் தூக்கிப் போட்டன. பேனல் செய்பவருக்கு இது நட்டம். ஆனால் டூல் ரூம் வைத்திருப்பவருக்கு இதுவே வேலை. அரசின் அங்கீகரிக்கப்பட்ட உற்பத்தியாளர் பட்டியலில் உள்ள பேனல் ஆலைகளின் திறன் 2025 ஆகஸ்டில் 100 கிகாவாட்டை எட்டியிருக்கிறது. செல்லுக்கும் அதே வகைப் பட்டியல் 2026 ஜூனுக்கு அறிவிக்கப்பட்டதால் செல் ஆலைகளும் எழுகின்றன. அந்த ஆலைகளுக்குள் ஓடும் இயந்திரங்களின் தேய்மானப் பாகங்களை, இன்று இறக்குமதிக்குக் காத்திருக்கும் பாகங்களை, வரைபடமே இல்லாமல் மாதிரியைப் பார்த்து அளந்து செய்து தரும் திறமை நம்மிடம் இருக்கிறது. சூரியத்தில் நுழைய விரும்புபவருக்கு நான் காட்டும் வாசல் இது ஒன்றே.

காற்றாலை

காற்றாலை முழுக்க முழுக்க இயந்திரப் பொறியியல். கியர், தாங்கி, தண்டு, வார்ப்பு, போல்ட் என்று நம் மக்களுக்குப் பழகிய சொற்களாலேயே அதைச் சொல்லி முடிக்கலாம். ஒரு மெகாவாட்டுக்கு நூறு டன்னைத் தாண்டி எஃகும் இரும்பும் போகின்றன. ஆனால் அந்த எடையே முதல் தடை. ஹப் வார்ப்பைத் தூக்கப் பத்து, இருபது டன் கிரேன் வேண்டும். நம் பட்டறைகளில் பெரும்பாலும் ஐந்து டன்னுக்கு மேல் கிடையாது. இறக்கை அறுபது, எழுபது மீட்டர் போகிறது. இவற்றைச் செய்யும் ஆலைகள் சென்னையைச் சுற்றியும், வார்ப்பும் கியர்பாக்ஸும் கோயம்புத்தூரிலும் நிலைத்துவிட்டதால், பெங்களூர்ப் பட்டறை ஒவ்வொரு பாகத்துக்கும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் லாரி வாடகையைத் தன் விலைக்குள் அடக்கியாக வேண்டும்.

அதனால் கையால் தள்ளக்கூடிய எடையில் இருக்கும் பாகங்களைத்தான் நாம் பார்க்க வேண்டும். இறக்கையைத் திருப்பும் பிட்ச் இயக்கி, தலைப்பகுதியைக் காற்றின் பக்கம் திருப்பும் யா இயக்கி ஆகிய இரண்டும் உள்ளுக்குள் பிளானட்டரி கியர்பாக்ஸ்களே. அவற்றின் பினியன், பிளானட் கேரியர், பின் ஆகியவற்றைச் செய்ய, வாகன கியர் வேலையில் பழகிய இயந்திரமும் கையும் போதும்.

போதாதது எது என்பதையும் சொல்கிறேன். கார் பாகம் ஒன்று பழுதானால் வண்டி கராஜுக்கு வரும். காற்றாலைப் பாகமோ நூறு மீட்டர் உயரத்தில் இருபது ஆண்டுகள் ஒவ்வொரு சுழற்சியிலும் வளைந்து நிமிர்கிறது. அதைக் கழற்றப் பெரிய கிரேன் போக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில், இறக்கையின் அடியில் வரும் 10.9 வலிமைத்தர ஸ்டட்டுகளின் மாதிரித் தொகுதி ஒன்றை, வழக்கமாக வேலை கொடுக்கும் பிளேட்டிங் கடையிலேயே மின்முலாம் பூசக் கொடுத்துவிட்டார்கள். இறுக்கிவைத்த மாதிரிகளில் இரண்டு, யாரும் தொடாமலேயே மறுநாள் காலைக்குள் மரையின் அடியில் முறிந்து கிடந்தன. மின்முலாம் பூசும்போது உலோகத்துக்குள் நுழையும் ஹைட்ரஜன், உயர்வலிமை எஃகை நொறுங்கச் செய்துவிடுகிறது. இதற்காகவே இந்தத் துறையில் துத்தநாகச் செதில் பூச்சைக் கேட்கிறார்கள். வரைபடத்தின் மூலையில் ஒரு வரியாக இருந்த குறிப்பு அது. அந்தத் தொகுதி முழுவதும் பழைய இரும்பு விலைக்குப் போனது.

ஆர்டரின் தொடர்ச்சியில் காற்றாலைக்கு ஒரு வடு உண்டு. 2016–17இல் நாட்டில் ஏறத்தாழ 5,500 மெகாவாட் காற்றாலை நிறுவப்பட்டது. குறைந்த விலை கேட்பவருக்கே திட்டம் தரும் தலைகீழ் ஏலமுறை வந்த அடுத்த ஆண்டில் அது 2,000 மெகாவாட்டுக்கும் கீழே விழுந்தது. அந்த ஆண்டு இயந்திரம் வாங்கியவர்கள் தவணை கட்டப் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்தேன். இப்போது நிலைமை தேறியிருக்கிறது. இருந்தாலும் பட்டறையின் மொத்த வேலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்றாலையை நம்பாதீர்கள் என்றே சொல்வேன். நியோடிமியம் என்ற அரியமண் தனிமம் சேர்ந்த காந்தங்களைச் சார்ந்த வடிவமைப்புகளும் உண்டு. 2025 ஏப்ரலில் சீனா சில அரியமண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றபோது காந்தம் தாமதமானது. ஒரு பொருள் வராமல் முழு இயந்திரமும் நின்றால் நம் பினியனும் கிடங்கில்தான் நிற்கும்.

அணுமின்சாரம்

இந்தத் துறையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான்.

உலகின் பெரும்பாலான அணு உலைகளுக்கு பெரும் வளையங்களாக அடித்தெடுத்து இணைத்த மாபெரும் அழுத்தக் கலம் தேவை. அதற்கு நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள எஃகுக் கட்டியை வார்த்து அடிக்கும் உலைக்கூடம் வேண்டும். உலகிலேயே அத்தகைய இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கூடங்குளத்தின் கலங்கள் ரஷ்யாவிலிருந்து வந்தன. ஆனால் கல்பாக்கம், கைகா, காக்ராபார் ஆகிய இடங்களில் உள்ள கனநீர் உலைகள் அப்படிப்பட்டவை அல்ல. அங்கே ஒரு பெரிய கலத்துக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான சிறிய அழுத்தக் குழாய்கள் இருக்கின்றன. 700 மெகாவாட் உலை ஒன்றில் 392 குழாய்கள். ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் கடைந்தெடுத்த முனைப்பொருத்திகள். அதாவது ஓர் உலைக்கு 784 பொருத்திகள். குழாயை உள்ளிருந்து விரித்து, பொருத்தியின் உட்புறக் காடிகளில் அழுத்திப் பிடிக்கவைக்கிறார்கள். அந்தக் காடியின் அளவும் வழவழப்பும் சரியாக இருந்தால்தான் ஏறத்தாழ 300 டிகிரி வெப்பத்தில் கனநீர் கசியாமல் நிற்கும். பெரிய உலைக்கூடம் இல்லாத நாடு, கடைசல் திறமையைக் கொண்டே செய்துவிடக்கூடிய உலை இது. 1974இல் நம் அணு வெடிப்புச் சோதனையை அடுத்துக் கனடா கையை உதறிய பிறகும் நாம் தொடர்ந்து உலை கட்ட முடிந்ததற்கு இந்த வடிவமைப்பும் ஒரு காரணம்.

முனைப்பொருத்திகளைப் பெரிய நிறுவனங்களே செய்கின்றன. அவற்றின் கீழே பிளக்குகள், வால்வுத் தண்டுகள், எரிபொருளைக் கையாளும் கருவிகளின் சிறு பாகங்கள் என்று துணை ஒப்பந்த வேலைகள் வருகின்றன. அளவுத் துல்லியத்தில் நம் பட்டறைகளுக்கு அவை கடினமானவை அல்ல. கடினம் சான்றில் இருக்கிறது.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். துருப்பிடிக்கா எஃகுக் கம்பி ஒன்று வருகிறது. அதன் ஒரு முனையில், எந்த உருக்கலில் பிறந்தது என்று காட்டும் ஹீட் நம்பர் குத்தப்பட்டிருக்கிறது. அதை அறுப்பதற்கு முன், வெட்டப்போகும் ஒவ்வொரு துண்டிலும் அந்த எண்ணைப் பரிசோதகர் முன்னிலையில் குத்தி, பதிவேட்டில் எழுதி, அவர் கையெழுத்து வாங்கிய பிறகே ரம்பம் இறங்க வேண்டும். நான் வேலைபார்த்த ஓரிடத்தில் இரவு ஷிஃப்டுக்கு வந்த புதுப் பையன், அவசரத்தில் எண் இருந்த முனையையே முதலில் அறுத்துக் கடைந்துவிட்டான். மீதிக் கம்பியின் உலோகம் அதேதான். கருவியை வைத்துப் பார்த்தால் வேதிச் சேர்மானமும் அதையே காட்டுகிறது. ஆனால் அது எந்த உருக்கலில் பிறந்தது என்று காட்ட இனி வழியில்லை. கம்பி முழுவதும் தள்ளுபடி. அந்தப் பையன் மீது எனக்கு அன்றும் கோபம் வரவில்லை; அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இதனுடன் வருபவை பல: துருப்பிடிக்கா எஃகுக்குத் தனி மேசை, தனி பிரஷ், குளோரைடு குறைந்த மை கொண்ட மார்க்கர், ஆண்டுதோறும் அளவுக்கருவிகளின் காலிபரேஷன் (அளவுச் சரிபார்ப்பு), சாயச் சோதனை, மீயொலிச் சோதனை ஆகியவற்றுக்குச் சான்று பெற்ற ஆள். பரிசோதகர் வந்து பார்க்கும் வரை அடுத்த கட்டத்துக்குப் போகக்கூடாத இடங்கள் வேலையின் நடுவே வரும். அவர் வியாழக்கிழமை வருவார் என்றால் திங்கள் முதல் அந்த இயந்திரம் சும்மா நிற்கும். இயந்திரத்துக்கு ஆகும் செலவைவிட இந்தக் காத்திருப்புக்கு ஆகும் செலவே பலரை வெளியேற்றியிருக்கிறது. விலை சொல்லும்போது கடைசல் நேரத்தோடு சான்று நேரத்தையும் சேருங்கள். பல வேலைகளில் இரண்டும் சமமாகவே வரும்.

எதிர்பக்கத்தில் இருப்பது நிதானம். கைகாவின் முதல் உலை 962 நாட்கள் இடைவிடாமல் ஓடி 2018 டிசம்பரில் சாதனை படைத்தது. பாகங்களிடம் எதிர்பார்க்கப்படுவது அந்த ஓட்டம். அந்த நம்பகத்தைக் காட்டியவரை எளிதில் மாற்ற மாட்டார்கள், வடிவமும் மாறுவதில்லை. பத்து 700 மெகாவாட் உலைகளுக்கு 2017இல் ஒரே தொகுப்பாக ஒப்புதல் கிடைத்தது. அதே வகையின் முதல் உலை 2023 ஜூனில் காக்ராபாரில் வணிக உற்பத்திக்கு வந்துவிட்டது; கைகாவுக்கும் இரண்டு உண்டு. ஆனால் ஓர் ஆர்டருக்கும் அடுத்ததற்கும் இடையே ஆண்டுகள் கழியலாம். அந்த இடைவெளியைத் தாங்க வேறு வேலை கையில் இல்லாதவர் இதற்குள் வரக்கூடாது.

பேட்டரி

செல் செய்வதற்கு, காற்றின் பனிநிலையை (ஈரம் நீராகப் படியும் வெப்பநிலையை) சுழியத்துக்குக் கீழே நாற்பது டிகிரிக்கும் கீழ் வைத்திருக்கும் உலர்அறை வேண்டும். தாமிரத் தாளில் மைக்ரான் கணக்கில் பூச்சு, கரைப்பான் மீட்பு, பல நாள் நீளும் முதல் மின்னேற்றம் என்று அது தனி உலகம். அதை விட்டுவிடலாம்.

செல்லை அடுக்கிப் பேக் ஆக்கும் வேலை பெங்களூரிலும் ஓசூரிலும் நிறைய நடக்கிறது. அலுமினியப் பெட்டி, நிக்கல் பூசிய தாமிர பஸ்பார், திரவம் ஓடும் குளிர்விப்புத் தட்டு, லேசர் வெல்டிங்குக்கான ஃபிக்ஸ்சர் ஆகியவை நமக்கு எட்டும். மின்தொகுப்புக்கான பெரிய சேமிப்புக் கொள்கலன்கள் பெருகுவதால் தகட்டு வேலைக்கும் இடம் இருக்கிறது. ஆர்டர் விரைவில் வரும். வரைபடமும் விரைவில் மாறும். நூறு பெட்டிக்குப் பொருள் வாங்கிவைத்த பிறகு மவுண்டிங் துளை எட்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனதாக மின்னஞ்சல் வருவது இங்கே அன்றாட நிகழ்ச்சி. வாங்குபவர் புதிய நிறுவனமாக இருந்தால் அடுத்த நிதிச்சுற்று வரும்வரை பணம் நிற்கும். சிறு நிறுவனத்துக்கு 45 நாளில் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரியில் கழிக்க முடியாது என்ற விதி 2024இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் லாபமே இல்லாத நிறுவனத்துக்கு அந்த விதியால் அச்சம் இல்லை. எனவே உத்யம் என்ற சிறுதொழில் பதிவோடு முன்பணத்தையும் கேளுங்கள்.

நீர்மின்சாரம்

1902இல் சிவனசமுத்திரத்தில் பிறந்த மின்சாரம் கோலார் தங்கவயலுக்குப் போனது. அங்கே உழைத்தவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்தப் பழைய தொழில் இப்போது நீரை மேலேற்றித் தேக்கிவைத்துப் பிறகு மின்சாரம் எடுக்கும் நீரேற்றுச் சேமிப்பாகத் திரும்புகிறது. ஆயினும் ஒவ்வொரு டர்பைனும் அந்தந்த இடத்துக்கென்றே வடிவமைக்கப்படுவதால், தொடர்ந்து ஓடும் பாகம் என்று எதுவும் கிடைக்காது. சராவதி போன்ற திட்டங்கள் காட்டு அனுமதியிலேயே நீண்ட காலம் நிற்கக்கூடியவை. பழைய நிலையங்களின் பழுதுபார்ப்பு வேலை கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். இதற்கென்று இயந்திரம் வாங்க வேண்டாம்.

எந்தப் பட்டறைக்கு எது

தகட்டு வேலையும் லேசர் கட்டிங்கும் வைத்திருப்பவருக்கு, ஆறு மாத முதலைச் சுழற்றும் தெம்பு இருந்தால், பேட்டரி பொருத்தம். வயர் கட் (மின்கம்பியால் உலோகம் அறுக்கும் இயந்திரம்), அரவை இயந்திரம், வரைபடம் போடத் தெரிந்த ஒருவர் என்று டூல் ரூம் வைத்திருப்பவர் சூரிய ஆலைகளின் தேய்மானப் பாகங்களைத் தேடிப் போகலாம். கியர் வெட்டும் இயந்திரமும் நம்பகமான வெப்பப்பதன ஆலையின் தொடர்பும் உள்ளவருக்குக் காற்றாலை. இயந்திரம் சுமாராக இருந்தாலும் எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவருக்கு, வீட்டில் ஒருவரை முழுநேரமும் தரத்துக்கென்றே ஒதுக்கக்கூடியவருக்கு, அணுமின்சாரம்.

பீனியா இரண்டாம் கட்டத்தில் நான்கு டர்னிங் சென்டர்களோடு (கணினி இயக்கும் கடைசல் இயந்திரங்களோடு) பட்டறை நடத்தும் அண்ணன் தம்பி இருவர் சென்ற மாதம் என்னை அழைத்தார்கள். ஐந்தாவது இயந்திரம் வாங்கக் கடன் அனுமதியாகிவிட்டது. “சார், அஞ்சு ஆக்சிஸ் மெஷின் எடுத்தா அணுமின் ஆர்டர் கிடைக்குமா?” என்று தம்பி கேட்டார். கிடைக்காது என்றேன். இருக்கும் நான்கில் வாகன வேலையோடு பிட்ச் பினியன்களை அண்ணன் எடுத்து ஓட்டட்டும். கடனில் ஒரு பங்கை மட்டும் பயன்படுத்தி அளவுக்கருவிகளை வாங்கி, துமகூரு சாலையில் உள்ள சிஎம்டிஐ (மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம்) ஆய்வகத்தில் காலிபரேஷன் செய்து, தம்பி மீயொலி, சாயச் சோதனைகளுக்கான இரண்டாம் நிலைச் சான்றைப் பெறட்டும். இயந்திரம் இரண்டு ஆண்டு காத்திருக்கலாம் என்று விளக்கினேன். அண்ணன் பதில் சொல்லாமல் எழுந்து ரேக்கின் பக்கம் போனார். சாதா இரும்புக் கம்பிகளோடு கலந்து கிடந்த துருப்பிடிக்கா எஃகுக் கம்பிகளை ஒவ்வொன்றாக உருவி, எண் குத்திய முனை வெளியே தெரியும்படி தனியாக அடுக்கத் தொடங்கினார்.